தோட்டாத் தட்டுப்பாடும் இலக்காளரும்



நாடுகளின் வரலாற்றை அரசர்களின் பெயர்களாலும் போர்களின் ஆண்டுகளாலும் அளப்பது நம் வழக்கம். ஆனால் கடைத்தெருவில் ஒரு பண்டம் திடீரென்று கிடைக்காமற் போகும்போது வெளிப்படும் வரலாறு ஒன்று உண்டு. அரிசியும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் அவ்வாறு மறைந்த காலங்களை முதியோர் அறிவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பண்டம் சற்றே விந்தையானது. அது துப்பாக்கித் தோட்டா. போர்வீரனின் தோட்டாவைப் பற்றி நான் பேசவில்லை. விளையாட்டாக, இலக்கை நோக்கிக் குறி பார்த்துச் சுடுகிறவனின் தோட்டாவைப் பற்றியே பேசுகிறேன். அவ்விளையாட்டு மிகப் பரவியுள்ள நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே தோட்டா பல முறை அரிதாகியிருக்கிறது. அதன் விலை ஏறியதும், மக்கள் சமாளித்ததும், சமாளிக்கத் தவறியதும் நமக்குப் பல பாடங்களைத் தருகின்றன.

முதலில் தோட்டா என்பது யாது என்று காண்போம். அது ஒரு பொருளன்று. நான்கு பொருள்களின் கூட்டு. முனையில் ஈயக் குண்டு, அதன் பின்னே பித்தளைக் கூடு, கூட்டுக்குள் வெடிமருந்து, கூட்டின் அடியில் பிரைமர் எனப்படும் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம். தீபாவளிக்குச் சிறுவர் சுத்தியலால் தட்டி வெடிக்கும் கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடி பட்டவுடன் தீப்பொறியை எழுப்பும் அந்த வேலையைத்தான் பிரைமரும் செய்கிறது. இந்நான்கில் ஒன்று இல்லையேல் மற்ற மூன்றும் பயனற்றவை. ஆகவே தோட்டாவிற்கு வரும் தட்டுப்பாடு நான்கு வாயில்களில் எதன் வழியாகவும் நுழையலாம். இவ்வுண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

பழைய கரிய வெடிமருந்து, நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது. கரியும் கந்தகமும் பெறுவது எளிது. வெடியுப்புத்தான் அரிது. 1775-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜார்ஜ் வாஷிங்டன் விடுதலைப் படையின் தலைமையை ஏற்றார். அடுத்த மாதமே கையிருப்பைக் கணக்கெடுத்தபோது, வீரன் ஒருவனுக்கு ஏறத்தாழ 9 முறை சுடுவதற்குரிய மருந்தே உள்ளது என்பது தெரியவந்தது. ஒரு நாட்டின் விடுதலை அந்த ஒன்பது குண்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது எனலாம். வாஷிங்டன் அச்செய்தியை வெளியே கசியவிடாமல் காத்தார். பகைவன் அறிந்தால் ஆபத்து என்பது மட்டுமன்று. தம்மவர் அறிந்தாலும் அச்சம் பரவும் என்பது அவருக்குத் தெரியும். தட்டுப்பாட்டினும் கொடியது தட்டுப்பாட்டைப் பற்றிய அச்சம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இக்கருத்தை இவ்வுரையில் மீண்டும் காண்போம்.

அந்நாடு விடுதலை பெற்றபின், 1802-இல், இலவாசியேயிடம் பயின்ற எலூத்தேர் இரேனே து போன் என்னும் பிரெஞ்சுக்காரர் டெலவேர் மாநிலத்தில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில், வெடிமருந்து ஆலை ஒன்றை நிறுவினார். ஆலை வந்தது, ஆனால் வெடியுப்பு வரவேண்டிய இடம் வேறாக இருந்தது. அது எது தெரியுமா? நம் பாரத நாடு! பீகாரில் நூனியர் என்னும் மக்கள், பழைய குடியிருப்புகளின் மண்ணைச் சுரண்டி எடுத்து, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். அது கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாக இங்கிலாந்திற்கும், அங்கிருந்து உலகெங்கும் சென்றது.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, அதே குடும்பத்தைச் சேர்ந்த லாமோ து போன், வட அமெரிக்க அரசாங்கத்தின் பொருட்டு இங்கிலாந்துக்குச் சென்று, கிடைத்த வெடியுப்பை எல்லாம் விலைக்கு வாங்கினார். அந்தச் சமயத்தில் 'டிரெண்டு' என்னும் ஆங்கிலக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வழிமறித்ததனால் இரு நாடுகளுக்கும் பகை மூண்டது. ஆங்கில அரசாங்கம் வெடியுப்பு ஏற்றுமதியை உடனே நிறுத்திவிட்டது. கைது செய்யப்பட்ட தென்னாட்டுத் தூதர்களை அமெரிக்கா விடுவித்த பின்னரே சரக்கு புறப்பட்டது. பீகாரில் ஓர் ஏழைத் தொழிலாளி காய்ச்சிய உப்பு, அட்லாண்டிக்குக் கடலுக்கு அப்பால் ஒரு போரின் போக்கைத் தாங்கி நின்றது! கடல் வழி அடைக்கப்பட்ட தென்னாட்டாரோ குகைகளின் மண்ணையும் பழைய வீடுகளின் அடிமண்ணையும் தோண்டி வெடியுப்பு காய்ச்சினர். தேவை வந்தபோது அவர்களும் நூனியரின் தொழிலையே மேற்கொள்ள நேர்ந்தது.

இனி, முன்யோசனைக்கு ஒரு சான்று கூறுகிறேன். 1804 முதல் 1806 வரை மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்னும் இருவர் ஒரு சிறு கூட்டத்துடன் அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து பசிபிக்குக் கடற்கரை வரை சென்று மீண்டனர். வழியில் கடை இல்லை, கிடங்கு இல்லை. வேட்டையாடினால்தான் உணவு. லூயிஸ் என்ன செய்தார்? வெடிமருந்தைத் தகரப் பெட்டியில் வைக்கவில்லை, மரப்பீப்பாயில் வைக்கவில்லை. ஈயத்தால் 52 கலங்கள் செய்வித்தார். ஒவ்வொன்றிலும் 4 பவுண்டு மருந்து. கலத்தின் எடையோ 8 பவுண்டு. மருந்து தீர்ந்ததும் கலத்தை உருக்கினால், அந்த மருந்திற்கு வேண்டிய அளவு குண்டுகள் கிடைக்கும்! ஈயக்கலம் நீர் புகாமல் மருந்தைக் காத்தது. தானும் பின்னர்ப் பயன்பட்டது. இவற்றோடு, மருந்தே வேண்டாத காற்றுத் துப்பாக்கி ஒன்றையும் அவர் உடன் கொண்டு சென்றார். கடற்கரையை அடைந்து திரும்ப எண்ணியபோதும் அவர்களிடம் வெடிமருந்து போதிய அளவு மிஞ்சியிருந்தது. சேமிப்பு என்பது மிகுதியாக வாங்கிக் குவிப்பதன்று. ஒவ்வொரு பொருளும் எவ்வாறு பயன்படும் என்று முன்கூட்டி எண்ணுவதே என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் குறி பார்த்தல் ஒரு விளையாட்டாக வளர்ந்தது. 1871-இல் நியூயார்க்கில் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. போரில் வீரர்கள் குறி தவறிச் சுட்டதைக் கண்டு வருந்திய அதிகாரிகளே அதை நிறுவினர். 1874-இல் கிரீட்மூர் என்னும் இடத்தில் நடந்த போட்டியில் அமெரிக்கர் 934 புள்ளிகளும் அயர்லாந்தினர் 931 புள்ளிகளும் பெற்றனர். மூன்றே புள்ளி வேறுபாடு! அன்று முதல் பொதுமக்கள் பலர் இவ்விளையாட்டில் ஆர்வம் கொண்டனர். 1884-இல் பிரான்சு நாட்டு வியெய் என்பார் வெடிப்பஞ்சிலிருந்து புகையில்லா வெடிமருந்தைச் செய்தார். 1887-இல் '.22 லாங் ரைபிள்' என்னும் சிறு தோட்டா வெளிவந்தது. விலை குறைவு, அதிர்ச்சி குறைவு, ஓசை குறைவு. கற்றுக்குட்டிகளின் தோட்டா அதுவே ஆயிற்று. நம் நாட்டுத் தேசிய மாணவர் படையிலும் மாணவர் குறி பார்க்கப் பழகுவது இவ்வளவு சிறிய .22 ரைபிளைக் கொண்டுதான். பள்ளிப் பணியில் இருந்த நாளில் அப்பயிற்சியை நான் பன்முறை அருகிருந்து பார்த்திருக்கிறேன். பையன் ஒருவனுக்கு எண்ணிக் கொடுப்பது சில தோட்டாக்களே. சுட்டு முடிந்ததும் வெற்றுக் கூடுகளை எண்ணித் திருப்பித் தரவேண்டும். கையில் ஐந்தே தோட்டா இருக்கிறது என்று அறிந்த பையன் மூச்சை அடக்கி, விரலை நிதானமாக அழுத்துவான். அதை நான் கண்டவன்.

இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், செம்பும் ஈயமும் பித்தளையும் படைக்கே போயின. பொதுமக்களுக்கான தோட்டா உற்பத்தி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. செம்பின் நெருக்கடி எத்தகையது என்றால், 1943-இல் அந்நாட்டு அரசாங்கம் ஒரு சென்ட் காசையே செம்பில் வார்க்காமல், துத்தநாகம் பூசிய எஃகில் வார்த்தது! இண்டியானா மாநிலத்தில் எவான்சுவில் நகரத்து ஆலையில் தோட்டாக் கூட்டையும் பித்தளைக்குப் பதிலாக எஃகிலேயே செய்தனர். ஓஹையோவில் ஆண்டுதோறும் குறி பார்க்கும் போட்டிகள் நடைபெற்று வந்த பெரி முகாம், போர்க்கைதிகளை அடைத்து வைக்கும் இடமாயிற்று. விளையாட்டினர் முணுமுணுக்கவில்லை. காரணம் வெளிப்படை, தோட்டா எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். அறிந்த தட்டுப்பாட்டை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

போர் முடிந்ததும் காட்சி தலைகீழாயிற்று. படைக்கென்று செய்த வெடிமருந்து மலையாகத் தேங்கியது. கான்சாசு மாநிலத்தைச் சேர்ந்த புரூசு ஹாட்ஜ்டன் என்பவர் அம்மிச்சத்தைப் பேரளவில் வாங்கி, தாமே தோட்டா நிரப்பிக்கொள்ளும் பொழுதுபோக்கினருக்கு மலிவாக விற்றார். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை எறியாமல், பழைய பிரைமரை நீக்கிப் புதியது பொருத்தி, அளந்து மருந்திட்டு, குண்டைச் செருகினால் மீண்டும் தோட்டா ஆகிவிடும். ஒரே கூட்டைப் பல முறை பயன்படுத்தலாம். பழைய ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துக் குண்டும் செய்துகொள்ளலாம். மருந்தின் அளவு பிசகினால் துப்பாக்கியே வெடித்துவிடும் ஆகையால், இக்கலை பொறுமையையும் துல்லியத்தையும் வேண்டுவது. இவ்வாறு போர் தந்த பஞ்சமும் போர் தந்த மிச்சமும் சேர்ந்து ஒரு சிக்கனக் கலையைப் பரவச் செய்தன.

இதுவரை கூறியது பொருள் இல்லாததால் வந்த தட்டுப்பாடு. இனிக் கூறப்போவது வேறு வகை. 2008 நவம்பரில் பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, புதிய கட்டுப்பாடுகள் வரும் என்று அஞ்சிப் பலர் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கிக் குவித்தனர். 2012 டிசம்பர் 14-ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியோரும் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமை நிகழ்ந்தது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் அச்செய்தியை நெஞ்சு நடுங்காமல் சொல்ல இயலாது. புதிய சட்டம் வேண்டும் என்று நாடெங்கும் குரல் எழுந்தது. சட்டம் வருமுன் வாங்கிவிட வேண்டும் என்ற பரபரப்பும் எழுந்தது. 2013-இல் கடை அலமாரிகள் வெறிச்சோடின. ஆளுக்கு இத்தனை பெட்டி என்று கடைகள் வரையறுத்தன. எல்லாவற்றிலும் மலிவான .22 தோட்டாவே எல்லாவற்றினும் நெடுநாள் மறைந்திருந்தது. நாலைந்து சென்ட்டுக்கு விற்ற ஒன்று, இரு மடங்கும் மூன்று மடங்கும் விலை பெற்றது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய தோட்டாக்களை வீட்டிலேயே மீண்டும் நிரப்பலாம் என்றேன். .22 தோட்டாவில் எரியூட்டும் பொருள் தனிக் கிண்ணத்தில் இல்லை. கூட்டின் அடி விளிம்பிலேயே உள்ளது. சுடும்போது அவ்விளிம்பு நசுங்கிவிடும். ஆகவே அதை மீண்டும் நிரப்புதல் எளிதன்று. கைத்திறனும் கருவிகளும் உடையவன் தன் பெரிய துப்பாக்கிக்கு வழி தேடிக்கொண்டான். மலிவான தோட்டாவையே நம்பியிருந்த எளியவனும், புதிதாகக் கற்க வந்த சிறுவனும் வழியின்றி நின்றனர். தட்டுப்பாடு எப்போதும் கடைசியில் நிற்பவனைத்தான் முதலில் தாக்குகிறது.

அப்போது எழுந்த வதந்திகளும் நோக்கத்தக்கவை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே தோட்டாக்களை எல்லாம் வாங்கிக் குவித்து மக்களுக்கு இல்லாமற் செய்கிறது என்றனர் சிலர். நாடாளுமன்றத்திற்குப் பொறுப்பான தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து, 2014 சனவரியில் அறிக்கை வெளியிட்டது. அத்துறை வாங்கிய அளவு 2009-க்குப் பின் குறைந்தே வந்திருக்கிறது என்பது அதனால் தெரிந்தது. 2013 முடிவில் மிசௌரி மாநிலத்து ஹெர்க்குலேனியம் நகரில், தாதுவிலிருந்து ஈயம் எடுக்கும் கடைசி உருக்காலை மூடப்பட்டது. இனிக் குண்டுக்கு ஈயமே கிடைக்காது என்ற பேச்சுப் பரவியது. ஆனால் குண்டு செய்வோர் பெரும்பாலும் வாங்கியது பழைய மின்கலங்களை உருக்கி எடுத்த ஈயத்தைத்தான். ஆராய்ந்து அறிய ஒரு மணி நேரம் போதும். ஆராயாமல் அஞ்சியவர் அதற்குள் கடைவாயிலில் வரிசையில் நின்றுவிட்டனர்.

மூன்றாவது அலை 2020-இல் கொரோனாத் தொற்றோடு வந்தது. அந்நாட்டில் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. 2019-இல் சுமார் 2 கோடியே 84 இலட்சமாக இருந்த அச்சோதனைகள் 2020-இல் சுமார் 3 கோடியே 97 இலட்சமாயின. அவ்வாண்டில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர் 84 இலட்சம் என்று அத்தொழில்துறையின் சங்கத்தார் மதிப்பிட்டனர். மாணவர்களே, இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். அப்புதியவர் ஒவ்வொருவரும் ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி இரண்டே வாங்கினார் என்று கொள்வோம். ஆளுக்கு நூறு, மொத்தம் 84 கோடி! எவரும் பதுக்கவில்லை, எவரும் பேராசைப்படவில்லை, ஆயினும் பண்டம் தீர்ந்துவிடும். அதே ஆண்டில் ரெமிங்டன் என்னும் பழைய நிறுவனம் நொடித்துப்போய், அதன் தோட்டா ஆலை கைமாறியது. ஏறத்தாழ 20 சென்ட் விற்ற 9 மில்லிமீட்டர் தோட்டா, 2021 தொடக்கத்தில் 70, 80 சென்ட்டைத் தொட்டது.

இம்முறை நிரப்புவோரும் தப்பவில்லை. நான்கு வாயில்கள் என்று தொடக்கத்தில் கூறினேன் அல்லவா? இம்முறை அடைபட்டது பிரைமர் வாயில். அமெரிக்காவில் அதைப் பெருமளவில் செய்யும் நிறுவனங்கள் மிகச் சிலவே. அதற்குரிய பொருள் தட்டினாலே வெடிப்பது. ஆகவே புதிய ஆலையை ஒரு நாளில் எழுப்ப முடியாது. ஆலைகள் முதலில் தம் தோட்டாக்களுக்கே பிரைமரைப் பயன்படுத்தின. தனியே விற்க மிஞ்சியது சிறிதே. கூடும் குண்டும் மருந்தும் கையில் இருந்தும், அவரை விதையளவுள்ள ஒரு கிண்ணம் இல்லாமையால் பலர் கைகட்டி நின்றனர். பின்னர் 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும், பீரங்கிகளுக்கு வேண்டிய வெடிப்பஞ்சின் தேவை பெருகி, மருந்தின் விலையும் ஏறியது.

இத்துன்பத்தை நல்ல இலக்காளர் எவ்வாறு சமாளித்தனர்? சிலர் தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கொண்டே வீட்டில் நாள்தோறும் பழகினர். துப்பாக்கியும் வெறுமை, அறையும் தோட்டா அற்றது என்று இருமுறை நோக்கியபின், சுவரில் ஒரு புள்ளியைக் குறி வைத்து விசையை அழுத்துவர். குறி அசைகிறதா என்று பார்ப்பதே பயிற்சி. அசைவைக் காட்டிக் கொடுப்பதற்கு ஓசை வேண்டுவதில்லை. சிலர் லூயிசைப்போல் காற்றுத் துப்பாக்கியை நாடினர். பத்து மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ளது. 2008-இல் பெய்ஜிங்கில் நம் அபினவ் பிந்திரா நாட்டிற்கு முதல் தனிநபர்த் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தது அப்போட்டியில்தான். வெடிமருந்தே இல்லாத ஒரு கருவி உலகின் உயர்ந்த புகழைத் தந்தது! சிலர் ஒரு நாளைக்கு நூறு தோட்டா சுட்டதை விட்டு, இருபதே சுட்டு, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதினர். சங்கங்கள் ஒன்றாக வாங்கி, பகிர்ந்து, சிறுவர் வகுப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கின. எப்போதும் சிறிது சிறிதாக வாங்கி வைத்திருந்தவர்கள், விலை ஏறிய காலத்தில் சந்தைக்கே செல்லாதிருந்தனர். அவர்கள் விட்டுக்கொடுத்த பெட்டி இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். முன்கூட்டிச் சேர்ப்பதும் பதுக்குவதும் ஒன்றுதானே? ஒன்றல்ல என்பது என் துணிபு. நிறைந்த காலத்தில் தன் தேவையளவு எடுத்து வைப்பவன், குறைந்த காலத்தில் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறான். அவன் சுமையைக் குறைக்கிறான். குறைந்த காலத்தில் தேவைக்கு மேல் அள்ளுபவன் சுமையைக் கூட்டுகிறான். ஊர்க் கிணற்றை எண்ணிப் பாருங்கள். நாளை வற்றும் என்று எவனோ சொன்னவுடன், ஒவ்வொரு வீட்டாரும் அண்டா குண்டானையெல்லாம் நிரப்பினால், கிணறு இன்றே வற்றும். வதந்தி பொய்யாகத் தொடங்கி மெய்யாக முடியும். 'பார்த்தீர்களா, நான் சொன்னேனே!' என்று வதந்தியைக் கிளப்பியவன் மார் தட்டுவான். கிணறு வற்றியது வானம் பொய்த்ததாலா, மனம் பொய்த்ததாலா என்பதை எவரும் கேட்பதில்லை.

வாஷிங்டனின் ஒன்பது குண்டும், லூயிசின் ஈயக்கலமும், எஃகுக் காசும், காலி அலமாரியும் ஒரே வரலாற்றின் நான்கு பக்கங்கள். பொருள் குறைவதை மனிதன் எப்போதும் தடுக்க முடியாது. அது குறையும்போது, அறிந்து நடக்கிறானா, அஞ்சி நடக்கிறானா என்பது அவன் கையில் உள்ளது. குறி பார்ப்பவனுக்கு முதற்பாடம் பதறாதிருத்தல். அப்பாடத்தைச் சுடுகளத்தில் கற்றவர் பலர்; கடைத்தெருவில் கடைப்பிடித்தவர் சிலரே. மாணவர்களே, உங்கள் வாழ்நாளிலும் ஏதோ ஒரு பண்டம் ஒரு நாள் அரிதாகும். அன்று வரிசையில் சேர ஓடுமுன், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: உண்மையில் குறைந்தது எது? எனக்கு உண்மையில் வேண்டியது எவ்வளவு? நான் எடுப்பதால் வெறுங்கையோடு திரும்பப்போவது யார்? இம்மூன்றிற்கும் விடை கண்டபின் எடுக்கும் பங்கு, சிறிதாயினும் நேரியதாக இருக்கும்.